ஒரகடத்துப் பிள்ளையும் மொழியியல் பாடமும்

ஆங்கில இலக்கியம் பயிலும் இளங்கலை மாணவர் இரண்டு ஆண்டுகளை முடித்து மூன்றாம் ஆண்டிற்குள் நுழையும்போது, விருப்பப் பாடம் எது என்னும் வினா எழுகின்றது. மொழியியலும் ஒலியியலும், ஆங்கிலம் கற்பிக்கும் முறை, மொழிபெயர்ப்பு, இதழியல், வணிகக் கடிதப் போக்குவரத்து, பெண்ணிய இலக்கியம் என்று கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும். சில நாட்களுக்குள் ஒன்றைக் குறித்துக் கொடுத்தாக வேண்டும். "எல்லோரும் எதை எடுக்கிறார்களோ அதையே எடு" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் ஒரே அறிவுரை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு வேறு யார்தாம் வழிசொல்வார்?

ஒரகடத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப்பாசனமும் கழனியுமாக இருந்த வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது; ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை 2010இலும், டைம்லர் நிறுவனத்தின் சரக்கு வண்டி ஆலை 2012இலும் இயங்கத் தொடங்கின. வல்லம்-வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. இத்தகைய ஊரில் வாழும் பெற்றோர், "கம்பெனி வேலைக்கு உதவாத பாடம் எதற்கு?" என்று கேட்பதில் வியப்பில்லை. அது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும்.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கி விடுவோம். விருப்பப் பாடம் எதுவாயினும் பட்டத்தின் பெயர் மாறுவதில்லை. மூன்றாண்டுப் பட்டத்திற்குரிய 140 கிரெடிட்டுகளில் விருப்பப் பாடங்களின் பங்கு சிறியதே. மொழியியல் எடுத்தவருக்கும் பெண்ணிய இலக்கியம் எடுத்தவருக்கும் கிடைப்பது ஒரே பி.ஏ. ஆங்கிலப் பட்டந்தான். பி.எட். சேர்வதற்கும், அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கும், முதுகலைக்கும் அப்பட்டமே கேட்கப்படும். பட்டத்தின் பெயரே வேறாக இருந்தால்தான் கவனம் வேண்டும். தொழில்சார் ஆங்கிலம், ஆங்கிலமும் தொடர்பியலும் என்றாற்போன்ற பெயருடைய பட்டங்கள் பி.ஏ. ஆங்கிலத்திற்கு இணையானவை என அரசாணை உள்ளதா என்பதைச் சேரும் முன்பே விசாரித்தறிதல் நலம். இதனைப் பட்டம் பெற்றபின் விசாரிப்பவர் படும் பாடு பெரிது.

மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். "விருப்பப் பாடம்" என்று பெயர் இருப்பினும், பல கல்லூரிகளில் விருப்பம் என்பது துறையின் விருப்பமே. ஆசிரியர் எண்ணிக்கை குறைவு, வகுப்பறையும் குறைவு. எனவே வகுப்பில் பெரும்பான்மையோர் குறிக்கும் பாடம் ஒன்றே நடத்தப்படும். அவ்வாறாயின் என் பிள்ளை தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது எனலாம். இருக்கிறது. பெரும்பான்மை என்பது நாற்பது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் குறிக்கும் குறிப்பன்றோ? பாடம் இன்னதென்று அறிந்த நால்வர் பேசினாலே அது மாறக்கூடும்.

நிற்க. மொழியியல் என்றால் என்ன? "இலக்கணம் மறுபடியுமா!" என்று முகஞ்சுளிக்கும் மாணவர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் பாட்டிமார் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பர். 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்பர். பட்டணத்துப் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பர். சிரிக்க ஒன்றுமில்லை. சொல்லின் முதலில் எந்த எழுத்து வரலாம், இறுதியில் எந்த எழுத்து வரலாம் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே வரையறுத்துள்ளது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களைச் சேர்த்துத் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. எனவே நம் நாவு முன்னே ஓர் இகரத்தையும் பின்னே ஓர் உகரத்தையும் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. பாட்டி ஆங்கிலத்தைச் சிதைக்கவில்லை. ஈராயிரம் ஆண்டு விதி ஒன்றினைக் காத்து நிற்கிறாள். உலக மொழிகள் ஒவ்வொன்றும் அந்நியச் சொல்லை இவ்வாறே தன் வாய்க்கேற்ப வளைத்துக்கொள்கின்றன. ஆங்கிலேயன் நம் 'கட்டுமரம்' என்பதைக் 'கேட்டமரான்' ஆக்கினான். 'மிளகுத்தண்ணீர்' அவன் வாயில் 'மல்லிகட்டானி' ஆயிற்று. யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

தமிழில் 'க' என்னும் ஒரே எழுத்து 'கல்' என்பதில் ஒருவாறும், 'தங்கம்' என்பதில் வேறுவாறும், 'பகல்' என்பதில் மற்றொருவாறும் ஒலிக்கிறது. இடத்தால் ஒலி மாறும், பொருள் மாறாது. ஆங்கிலத்திலோ அவ்வொலி வேறுபாடே பொருளை மாற்றிவிடும். நம் பிள்ளைகள் 'பிக்' என்று சொல்லும்போது அது பெரியதா, பன்றியா, பறிப்பதா என்று அயலார் திகைப்பதன் காரணம் இதுவே. ஆங்கிலத்தின் எழுத்துகள் 26. பிரித்தானியர் ஒலிப்பில் பொருள் வேறுபடுத்தும் ஒலிகளோ 44. இந்த 44 ஒலிகளை நாவின் இடம், இதழின் வடிவம், மூச்சின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு அறிந்துகொள்வதே ஒலியியல். டி. பாலசுப்பிரமணியன் இந்திய மாணவர்க்கென்றே எழுதி 1981இல் வெளிவந்த ஒலியியல் பாடநூல் தமிழகக் கல்லூரி மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. அதனை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் மட்டும் படிப்பவர் நீச்சலைப் புத்தகத்தில் கற்றவராவர்.

ஆசிரியப் பணிக்குச் செல்ல விரும்பும் பிள்ளைக்கு இப்பாடத்தின் பயன் அளவிடற்கரியது என்பது நம் துணிபு. சிற்றூர்ப் பள்ளிச் சிறுவன் 'இரண்டு பேனாக்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'டூ பென்' என எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். அடுத்த நாளும் அவன் அப்படியே எழுதுகிறான். தமிழில் 'இரண்டு பேனா வாங்கினேன்' என்றே நாம் பேசுகிறோம். எண் வந்துவிட்டபின் பன்மை விகுதி கட்டாயமன்று. சிறுவன் தன் தாய்மொழியின் விதியைத் தவறாமல் பின்பற்றியுள்ளான். இதை அறிந்த ஆசிரியர் அவனை மடையன் என்று திட்டமாட்டார். இரு மொழிகளையும் அருகருகே வைத்துக் காட்டுவார். பிழையின் மூலத்தை அறியாமல் பிழையைத் திருத்துவது, நோயறியாமல் மருந்து கொடுப்பது போன்றது.

இனி, ஒரகடத்துப் பிள்ளைக்கே உரிய ஒரு வாய்ப்பைச் சொல்வோம். உலகத்து மொழிகள் பல அவன் வீட்டு வாசலிலேயே நடமாடுகின்றன. தொழிற்சாலைகளில் கொரிய, சப்பானிய, செருமானிய அதிகாரிகள். தொழிலாளர் விடுதிகளில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் இளைஞர். தேநீர்க் கடையில் இவர்கள் அனைவருக்கும் பொதுவாகப் பிறந்துள்ள ஒரு கலப்பு மொழி. பிற மாநில மொழியியல் மாணவர் பயணம் செய்து தேட வேண்டியதை இவ்வூர் மாணவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றே கேட்கலாம்.

கொரிய மொழியில் தந்தையை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் அழைப்பர். இதைக் கேட்டதும் "கொரியரும் நம்மவரே" என்று மகிழ்வோர் பலர். இந்த எண்ணம் புதிதன்று. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இலேயே ஒரு நூல் வெளியிட்டார். பின்னர்ச் சப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ சப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று நெடுநாள் வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை அறிவதுதான் மொழியியல் கல்வி. குழந்தையின் வாயில் எளிதில் எழும் ஒலிகள் உதட்டொலிகளாதலால், தொடர்பே இல்லாத மொழிகளிலும் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் ஒத்திருக்கும் என்பதை ரோமன் யாக்கப்சன் விளக்கிக் காட்டினார். இரண்டொரு சொல் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஒலிகள் முறைப்படி, விதிப்படி ஒத்துவர வேண்டும். அந்த முறைமையைக் காட்டியே 1816இல் சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிசு, தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பம் என்றார். 1856இல் கால்டுவெல் அதனை விரித்து ஒப்பிலக்கணம் எழுதினார்.

எனினும் அமைப்பில் உள்ள ஒற்றுமை மெய்யானது. தமிழில் வினை இறுதியில் வரும்; சப்பானிய, கொரிய மொழிகளிலும் அவ்வாறே. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். அங்கும் பின்னேயே ஒட்டும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்று நாம் ஒரே சொல்லில் அடுக்கிச் செல்வதை ஆங்கிலேயன் ஐந்தாறு சொற்களால் சொல்ல வேண்டும். சப்பானியனும் கொரியனும் நம்மைப் போலவே வினையடியின் மேல் அடுக்கிச் செல்வர். ஆங்கில வாக்கியத்தின் வழியாக இம்மொழிகளைக் கற்க முயலும் தமிழ் மாணவர் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார். மொழியியல் சிறிது பயின்றவர் நேரே தமிழிலிருந்து செல்வார். சப்பானிய மொழித் தேர்வு ஐந்து நிலைகளாகவும் கொரிய மொழித் தேர்வு ஆறு நிலைகளாகவும் நடத்தப்படுகின்றன. சென்னையில் இம்மொழிகளுக்கும், செருமன், பிரெஞ்சு மொழிகளுக்கும் பயிற்சி நிலையங்கள் உள்ளன. ஆங்கிலப் பட்டத்தோடு இவற்றுள் ஒன்றில் இடைநிலைத் தேர்ச்சி பெற்றவரைத் தொழிற்சாலை அலுவலகங்கள் மொழிபெயர்ப்புக்கும் உரையாடல் விளக்கத்திற்கும் நாடுகின்றன. "கம்பெனிக்கு உதவுமா?" என்ற பெற்றோரின் கேள்விக்கு இதுவும் ஒரு விடை. ஆயின் விருப்பப் பாடம் ஒன்று எழுதியதாலேயே வேலை கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மேலும் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு வேண்டும்.

வணிக ஆங்கிலம் என்னும் பாடத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பெயர் கவர்ச்சியானது. பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் விண்ணப்பக் கடிதம், நினைவுறுத்தும் கடிதம், கூட்டக் குறிப்பு ஆகியவையே பல இடங்களில் உள்ளன. இவற்றை இன்று கைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவே நொடியில் எழுதித் தருகிறது. அதே செயற்கை நுண்ணறிவு தமிழைச் சரியாகக் கற்கவேண்டுமாயின், பேச்சைப் பதிந்து பகுத்துக் கொடுக்க மொழியறிவு உடையோர் தேவைப்படுகின்றனர். இந்திய மொழிகளுக்கான பாஷினி என்னும் திட்டத்தை மத்திய அரசு 2022இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறையில் ஆய்வு நடைபெறுகிறது. கணினி மொழியியல் என்று இதற்குப் பெயர். கணிதத்தைக் கண்டு அஞ்சாத பிள்ளையாயின் இவ்வழியை எண்ணிப் பார்க்கலாம்.

இலக்கியத்தை நாம் தாழ்த்துவதாக எவரும் கருத வேண்டா. நாவலிலும் கவிதையிலும் உள்ளம் தோய்ந்த பிள்ளையை ஒலிக்குறியீடுகளோடு மல்லுக்கட்டச் செய்வது கொடுமை. அப்பிள்ளைக்கு மொழிபெயர்ப்புப் பாடம் நல்ல நடுவழி. மொழியியலிலும் சமூக மொழியியல் என்றொரு பிரிவு உண்டு. அது மனிதர் கதையேதான். எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ் என்று நாம் வாழ்வதைப் போன்ற நிலையை 'இரட்டை வழக்கு' என்று பெயரிட்டு 1959இல் பெர்குசன் என்னும் அமெரிக்க அறிஞர் கட்டுரை எழுதினார். ஆனால் அதற்கு இருநூற்றுமுப்பது ஆண்டுகட்கு முன்பே, 1728இல், பேச்சுத் தமிழுக்கென்று தனியாகக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதி முடித்தார் வீரமாமுனிவர். பாமரர் பேச்சும் இலக்கணம் எழுதத் தக்கது என்று எண்ணிய அப்பார்வை இக்கால மொழியியலின் அடிப்படைப் பார்வையாகும். ஊர்மக்களோடு பேச வேண்டிய தேவை அவருக்கு இருந்தது; புலவரோடு மட்டும் பேசினால் போதும் என்றிருந்திருந்தால் அந்நூல் தோன்றியிராது.

மொழிக்கலப்பைப் பார்ப்போம். 'ஷிப்ட் முடிஞ்சதும் ரிப்போர்ட் குடுத்துட்டுக் கிளம்பு' என்று தொழிற்சாலையில் பேசுவதைக் கேட்டு மனம் வருந்துவோர் உண்டு. வருத்தம் இருக்கட்டும். அவ்வாக்கியத்தில் பெயர்கள் ஆங்கிலம். வினையும் வாக்கிய அமைப்பும் முற்றிலும் தமிழ். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் மாணாக்கர் திருக்குருகைப்பிரான் பிள்ளான், திருவாய்மொழிக்கு எழுதிய ஆறாயிரப்படி உரையும் மணிப்பிரவாளமே. அங்கே வடசொற்கள், தமிழ் அமைப்பு. எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டு இடைவெளியில் இதே வட்டாரத்தோடு தொடர்புடைய இரு கலப்புகளை அருகருகே வைத்து ஆராய ஒரு மாணவி முன்வந்தால், அவளுடைய பேராசிரியரே வியந்து போவார். மரியாதைக்குரிய உரைநூலையும் ஆலைப் பேச்சையும் ஒப்பிடலாமா என்று சிலர் சினக்கக்கூடும். மொழியியலுக்கு அவ்வேறுபாடு கிடையாது.

மேற்படிப்பு என்று வந்தால், மொழியியலுக்குத் தமிழகத்தில் பெயர் பெற்ற இடம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும், 1981இல் வ. அய். சுப்பிரமணியத்தை முதல் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறைகள் உள்ளன. ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகமும், ஐதராபாத் பல்கலைக்கழகமும் நாடறிந்தவை. மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஆய்வுக்கு உரியது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வில் ஆங்கிலமும் மொழியியலும் தனித்தனிப் பாடங்கள். ஆகவே முதுகலையில் எதை எடுப்பது என்பதை விரிவுரையாளர் பணிக்கு ஆசைப்படுவோர் முன்கூட்டியே ஆராய வேண்டும். ஆங்கிலத் துறையுள்ள கல்லூரிகள் ஏராளம்; மொழியியல் துறையுள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இதனை மறைத்துவிட்டு மொழியியலைப் புகழ்வது நியாயமாகாது.

விருப்பத்தைத் தெரிவிப்பதற்குமுன் செய்யத்தக்கவை இரண்டே. பாடத்திட்டத்தை வாங்கி ஐந்து அலகுகளிலும் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பது ஒன்று. பெயர் ஒன்றாயினும் உள்ளே இருப்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. பழைய வினாத்தாள்களை மூத்த மாணவரிடம் வாங்கிப் பார்ப்பது மற்றொன்று. மொழியியல் வினாவில் ஒலிக்குறியீடு சரியெனில் முழு மதிப்பெண். கட்டுரை வினாவில் அவ்வுறுதி இல்லை. எழுத்து நடையில் தடுமாறினும் கூர்மையான மூளையுடைய சிற்றூர்ப் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். பாடம் எடுப்பவர் யார் என்றும் விசாரிக்கலாம். நல்லாசிரியர் ஒருவர் கிடைப்பாராயின் எந்தப் பாடமும் நல்ல பாடமே. கல்லூரியில் மொழியியல் நடத்தப்படாவிடில், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சுவயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

இறுதியாண்டில் திட்டக் கட்டுரை எழுதச் சொல்லும் துறைகளும் உண்டு. பழைய கட்டுரையைப் படியெடுத்துத் தரும் கடைகளை நாடாமல், பிள்ளைகள் தம் ஊரையே ஆராயலாம். வல்லம், எழிச்சூர், படப்பை, சுங்குவார்சத்திரம், மணிமங்கலம், வாலாஜாபாத் என்று ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டால் ஏரியும் சத்திரமும் நவாபும் அவற்றினுள் இருப்பது தெரியும். இன்னும் அவசரமானது ஒன்று உண்டு. தென்மாவட்டத்தார் 'வயல்' என்பதை இவ்வட்டாரத்தார் 'கழனி' என்பர். மதகு, கலங்கல், மடை, ஏற்றம், பரம்பு, களம் என்று ஏரிப்பாசனத்தோடும் உழவோடும் பிறந்த சொற்கள் இங்கே நூற்றுக்கணக்கில் வழங்கின. நிலம் ஆலைக்குச் சென்றபின் அச்சொற்களுக்கு இளைஞர் வாயில் வேலையில்லை. அவற்றை முழுதாக அறிந்தவர் இன்று எழுபதைக் கடந்த பாட்டன் பாட்டியரே. ஒரு கைபேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். சொல், அதன் ஒலிப்பு, அது வழங்கிய வாக்கியம், சொன்னவர் வயது, ஊர் என்று பதிந்துகொண்டே போகலாம். எஞ்சியிருக்கும் கழனிகளில் அறுவடை தை மாதத்தில் நடக்கும். ஆறாம் பருவ வகுப்புகளும் அப்பொழுதுதான் நடைபெறும்.